புரொபேட் கட்டாயம் போனது. உயிலை நிரூபிக்கும் கடமை போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அன்று முதல் ‘உயிலுக்கு இனி கோர்ட் வேண்டாம்’ என்ற பேச்சு குடும்பங்களில் உலவுகிறது. அதில் பாதி உண்மை. மறுபாதியை நம்பி உயிலைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, சாட்சிகள் இருவரும் காலமான பிறகு வெளியே எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நீக்கப்பட்ட பிரிவு சொன்னது இவ்வளவுதான். சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள்ளோ (அவை நேரடியாக வழக்கை ஏற்கும் நகர எல்லை) பழைய வங்காள மாகாணப் பகுதியிலோ எழுதப்பட்ட உயிலாக இருந்தால், அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய உயிலாக இருந்தால், புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்காமல் அதைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. மதுரையில் உட்கார்ந்து மதுரை வீட்டைப் பற்றி ஒருவர் எழுதிய உயிலுக்கு இந்தக் கட்டாயம் எந்நாளும் இருந்ததில்லை. முஸ்லிம்களுக்கு இது பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தோடு போய்விட்டது. ஆக, இப்போது நடந்திருப்பது சென்னை உயிலும் மதுரை உயிலும் ஒரே நிலைக்கு வந்திருப்பதுதான். மதுரையில் இத்தனை காலமாக உயில் வழக்குகள் நடக்காமலா இருந்தன?

உயில் செல்லுபடியாவதற்கான விதி அதே சட்டத்தின் 63ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சிகள் இருவரும் எழுதியவரின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் ஒரே நேரத்தில் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை.

தகராறு என்று வந்துவிட்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 67ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் சாட்சி சொல்லும் நிலையிலும் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றாமல் உயிலை ஆதாரமாக எடுக்க முடியாது. பதிவு செய்த உயிலாயிற்றே என்பார்கள். மற்றப் பதிவுப் பத்திரங்களுக்கு, எழுதிக் கொடுத்தவர் மறுக்காதவரை, இதில் விலக்கு உண்டு. உயிலுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. சார்பதிவாளர் முன்னால் ரேகை வைத்துப் பதிந்த உயிலுக்கும் சாட்சி வந்து பேசியாக வேண்டும். வருகிறவர் தன் கையெழுத்தை மட்டும் அடையாளம் காட்டினால் போதாது. எழுதியவர் கையெழுத்திட்டதையும், இன்னொரு சாட்சி கையெழுத்திட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், உள்ளே என்ன என்று தெரியாது’ என்றால் உள்ளே என்ன இருந்தது என்பது பெரிய சிக்கல் இல்லை. எழுதியவர் அப்போது எங்கே இருந்தார் என்பதற்கு அவரிடம் பதில் இல்லாவிட்டால்தான் உயில் விழும். இரு சாட்சிகளும் இல்லாமற்போனால் 68ஆம் பிரிவின்படி, ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்தச் சாட்சியின் பழைய கையெழுத்துள்ள வங்கித் தாளோ பத்திரமோ தேடி அலைய வேண்டியிருக்கும்.

ஆகவே, சாட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதுபவரைவிட வயதில் இளையவர், முகவரி மாறினாலும் தேடிப் பிடிக்கக்கூடியவர், சொத்தில் பங்கு பெறாதவர் என்று பாருங்கள். பத்திர எழுத்தர் அலுவலக வாசலில் நின்றவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது அன்றைக்கு வேலையை முடிக்கும், அவ்வளவே. உயிலால் பலன்பெறுபவரே சாட்சியாகக் கையெழுத்திட்டால் கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அவருக்கு எழுதியது செல்லாது. அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியிருந்தாலும் அப்படித்தான். இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். உயிலை நிறைவேற்றுவதற்காக நியமிக்கப்படும் எக்ஸிகியூட்டர் சாட்சியாக இருக்கத் தடையில்லை.

சந்தேகச் சூழ்நிலை என்று நீதிமன்றங்கள் சொல்வதை உச்ச நீதிமன்றம் 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் வகுத்துக் கொடுத்தது. நடுங்கிய கையெழுத்து, எழுதியவரின் மனநிலை பற்றிய ஐயம், பெரும்பகுதி சொத்தைப் பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைத்தது, காரணமே சொல்லாமல் மனைவியையோ மகளையோ ஒதுக்கியது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவர் தலையில் விழும். மகளுக்கு ஒன்றும் எழுதவில்லை என்றால், ‘இன்ன ஆண்டில் இன்ன சர்வே எண்ணில் இருந்த மனையை அவளுக்கு ஏற்கெனவே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்’ என்ற ஒரு வரி பத்து சாட்சிக்குச் சமம். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதுவதானால் சிகிச்சை தரும் டாக்டரையே ஒரு சாட்சியாக வையுங்கள். தனியாக ஒரு சான்று வாங்கி உயிலோடு பின் அடிப்பதைவிட அது வலுவானது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அங்கே எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் நிற்காது. சொத்து விவரத்தில் கதவு எண் மட்டும் போட்டால், மாநகராட்சி எண்களை மாற்றியதும் குழப்பம் வரும். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, மூலப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் இருக்கட்டும். கடைசியில் ‘இதில் குறிப்பிடாத என் மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு’ என்ற வாசகத்தை விட்டுவிட்டால், உயிலுக்குப் பின் வாங்கிய சொத்து உயிலே இல்லாதது போல வாரிசுகளிடையே பிரியும்.

புரொபேட் கட்டாயமில்லை என்பதால் வாங்கவே கூடாது என்று ஆகிவிடாது. அது இன்னமும் கிடைக்கும். பங்கு பெறாத வாரிசு முறுக்கிக்கொண்டு நிற்கும் குடும்பமோ, பல ஊர்களில் சொத்து உள்ள குடும்பமோ, சீக்கிரம் விற்க வேண்டியிருக்கும் குடும்பமோ அதை வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. சாட்சிகள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே உயிலை ஒருமுறை நிரூபித்து முடித்துவிட்டால் பத்து வருடம் கழித்து வரும் வழக்கில் அதே சண்டையைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

உயிலில் எக்ஸிகியூட்டர் பெயர் இருந்தால்தான் புரொபேட் கிடைக்கும். பெயர் இல்லையென்றால் பலன்பெறுபவர் கேட்க வேண்டியது உயில் இணைத்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம். சென்னை என்றால் உயர் நீதிமன்றத்தில், மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றத்தில் மனு. மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துகளின் மதிப்புப் பட்டியல், எல்லா நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும், கிடைக்கும் சாட்சி ஒருவரின் உறுதிமொழி ஆகியவை மனுவோடு போக வேண்டும். ஆட்சேபம் இல்லாத வாரிசுகளிடம் சம்மதப் பிரமாணப் பத்திரத்தை முதலிலேயே வாங்கி இணைத்துவிட்டால் நோட்டீஸைக் கொண்டுசேர்க்கும் காலம் மிச்சம். யாராவது கேவியட், அதாவது ஆட்சேப மனு, போட்டுவிட்டால் மனு வழக்காக மாறிவிடும். அதன்பின் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு.

இந்த நடைமுறையில் கண்ட தவறுகளில் மோசமானது, ஒத்துவராத அண்ணனையோ வெளிநாட்டில் இருக்கும் தங்கையையோ மனுவில் காட்டாமல் விடுவது. நோட்டீஸ் போகாத வாரிசு பின்னாளில் வந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 263ஆம் பிரிவின்கீழ் புரொபேட்டையே ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குள் வீட்டை விற்றிருந்தால் வாங்கியவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். இன்னொன்று காலம். விண்ணப்பிக்கும் உரிமை எழுந்ததிலிருந்து மூன்றாண்டு என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2008இல் ஏற்றது. அந்த உரிமை இறந்த நாளிலேயே எழுந்துவிட்டதா, தகராறு வந்த நாளில்தான் எழுந்ததா என்று வாதாட இடமுண்டு என்றாலும், வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? வாங்கிய பிறகும் கடமை உண்டு. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த உயில் உண்மையானது, முறையாக எழுதப்பட்டது என்பதைத்தான் புரொபேட் நீதிமன்றம் சொல்லும். வீடு உண்மையிலேயே இறந்தவருக்குச் சொந்தமா என்று அது பார்க்காது. தம்பி பேரில் பாதி இருக்கும் வீட்டை முழுக்கத் தன்னுடையது என்று ஒருவர் உயில் எழுதி, அதற்குப் புரொபேட்டும் கிடைத்துவிட்டால் தம்பியின் பாதி போய்விடாது.

உயில் இல்லாத வீடுகளில் குழப்பம் இதைவிட அதிகம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘ஐந்து பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஐந்தில் ஒன்று’ என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் உறவைச் சொல்கிறது, பங்கைச் சொல்வதில்லை. அதில் தந்தையின் பெயர் இருக்கலாம்; ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி இறந்த ஆணின் தந்தை முதல் வகுப்பு வாரிசு, அதாவது முதலில் பங்கு பெறும் வாரிசு, அல்ல. தாய் முதல் வகுப்பு. மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பங்கோ அதே பங்கு தாய்க்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுயசம்பாத்திய வீடு, உயில் இல்லை. இறந்தவருக்கு மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள். இன்னொரு மகள் முன்பே இறந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள். மொத்தம் ஆறு பங்கு: மனைவி, தாய், இரு மகன்கள், மகள் ஆளுக்கு 1/6, இறந்த மகளின் குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து 1/6, அதாவது ஆளுக்கு 1/12. மூன்றாண்டு கழித்துத் தாய், அதாவது பாட்டி, உயில் எழுதாமல் இறக்கிறார். அவர் கணவர் முன்பே காலமானவர். பாட்டிக்கு வேறு மூன்று பிள்ளைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் 1/6 நான்கு கிளையாகப் பிரியும், கிளைக்கு 1/24. சித்தப்பா, அத்தை என்று மூன்று பேருக்கு இந்த வீட்டில் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு வந்துவிட்டது! இறந்த மகனின் கிளைக்கு வரும் 1/24 அவருடைய உயிரோடிருக்கும் இரு மகன்களுக்கும் மகளுக்கும் போகும். மருமகளுக்கு மாமியாரின் இந்தப் பங்கில் எதுவும் இல்லை.

இது பாடப்புத்தகக் கணக்கு இல்லை. தகப்பனார் இறந்து பத்து வருடம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்கள், ‘பாட்டிதான் இப்போது இல்லையே’ என்று அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது விண்ணப்பிக்கும் நாளை அல்ல; சொத்துக்காரர் இறந்த நாளன்று யார் உயிரோடு இருந்தார்கள் என்பதையே. அன்றைக்குத் தாயின் வயிற்றில் இருந்த குழந்தையும், உயிரோடு பிறந்தால், வாரிசுதான். வாங்க வருபவரின் வழக்கறிஞர் இரண்டு இறப்புச் சான்றிதழ்களின் தேதியை ஒப்பிட்ட உடனே விற்பனை நின்றுவிடும். அப்போது சித்தப்பாவிடமும் அத்தையிடமும் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் கேட்டுப் போனால், அவர்கள் கேட்கும் தொகை முன்பு கேட்டிருந்தால் கேட்டிருக்கும் தொகையாக இருக்காது.

‘தாத்தா சொத்து, பேரனுக்கு உரிமை உண்டு’ என்பதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பின் உயில் இல்லாமல் இறந்த தாத்தாவின் சுயசம்பாத்தியம் மகனுக்கு வந்தால் அது அந்த மகனின் தனிச்சொத்து. 1986இலும் 1987இலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மகன் உயிரோடு இருக்கையில் பேரன் அதில் பாகம் கேட்க முடியாது. உண்மையான கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை. அந்த உரிமையைத் தந்த திருத்தம் அமலான 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் தீர்ப்பாகிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற டிக்ரியாலோ முடிந்த பாகப்பிரிவினையை அது தொடாது. ‘அப்பவே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்’ என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் வரிசையே வேறு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். பெற்ற தாயும் தந்தையும் அதற்குப் பிறகுதான். பிள்ளை இல்லாத பெண் தன் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட், அவரும் கணவரும் இல்லாத நிலையில், மைத்துனருக்குப் போய்ப் பெற்றவர்கள் வெறுங்கையோடு நிற்பது இதனால்தான். தாய்தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாவிட்டால், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். பிள்ளை இல்லாத பெண்கள் உயில் எழுதுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு வராது. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பங்கில் பாதி. உயிலால் கொடுக்கக்கூடியது, வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒன்றுதான்.

வங்கிப் பணம், பங்குகள், பிறரிடம் வரவேண்டிய கடன் இவற்றுக்குத்தான் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ், அதாவது சக்சஷன் சர்டிபிகேட். வீட்டுக்கோ நிலத்துக்கோ அதைக் கேட்டு மனுப்போடுவது வீண். இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த ஊரின் மாவட்ட நீதிமன்ற எல்லையில் மனு போட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் டெபாசிட்டும் அட்டவணையில் எண்ணோடு இருக்க வேண்டும். விட்டுப்போனதைப் பின்னர் நீட்டித்து வாங்கலாம், ஆனால் இன்னொரு மனு. அதை நம்பிப் பணம் கொடுத்த வங்கிக்குப் பாதுகாப்பு. வாங்கியவர் முழுப் பணத்தையும் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள அதில் அனுமதி இல்லை.

நாமினியும் அப்படித்தான். வங்கி டெபாசிட்டுக்கும் பங்குகளுக்கும் நாமினி பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் சக்தி எஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்தால் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். நாமினி இருக்கும் கணக்குக்கு வங்கி இறங்குரிமைச் சான்றிதழோ புரொபேட்டோ கேட்கக் கூடாது. நாமினி இல்லாவிட்டாலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை எளிய முறையில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளில் தீர்க்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ஆவணங்களைக் கொடுத்த தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். இறந்த மறுநாள் ஏடிஎம் கார்டிலோ போன் பேயிலோ பணத்தை எடுத்துவிடுவது சடங்குச் செலவுக்கு வசதியாகத் தோன்றும். மற்ற வாரிசு புகார் கொடுத்தால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எந்த அலுவலகத்திலும் கோப்பு நிற்கும் இடம் பெயர். பத்திரத்தில் ‘கோ. சுப்பையா’, பட்டாவில் ‘சுப்பையாபிள்ளை’, ஆதாரில் ‘சுப்பையா கோவிந்தன்’, இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. நாலும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் வேலை வாரிசுக்கு. இறப்பைப் பதியக் கொடுக்கும் படிவத்தை ஆஸ்பத்திரி ஊழியர் நிரப்பட்டும் என்று விட்டுவிடாமல், பத்திரத்தையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ‘என்கிற’ போட வேண்டிய இடத்தில் போடுங்கள். 21 நாளுக்குள் பதிவது எளிது. ஓராண்டு தாண்டிவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும்.

பட்டாவில் எல்லா வாரிசுகளின் பெயரும் ஏறிவிட்டால் பாகம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது கூட்டுப் பட்டா, அவ்வளவுதான். பிரித்துக்கொள்வதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவாக வேண்டும். பெரியவர்கள் முன்னால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட கூர்சீட்டு, ஏற்கெனவே நடந்த பிரிவினையின் நினைவுக்குறிப்பாக இருந்தால் நிற்கும். ‘இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்’ என்று எழுதியிருந்தால் பதிவு இல்லாமல் நிற்காது. ஒரு வினைச்சொல்லின் காலத்தில் சொத்து தொங்குகிறது. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை சலுகை விகிதத்தில், உச்சவரம்போடு இருக்கிறது. அண்ணன் மகன், சித்தப்பா போன்றவர்கள் அந்தச் சலுகைக்குள் வருவார்களா என்று பத்திரம் எழுதும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் கவனம் வேண்டும். தகப்பனாரிடமிருந்து மைனருக்கு வந்த பங்கை, தாயே கார்டியனாக இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. கையெழுத்திட்டால் பத்திரம் பதிவாகிவிடும். பிள்ளை மேஜராகி மூன்றாண்டுக்குள் வழக்குப் போட்டால் ரத்தாகும்.

கடனைப் பொறுத்தவரை, வாரிசு தன் கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. வசூலிக்க வருபவர் மிரட்டி மகனின் சொந்தப் பெயரில் புதிதாகக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். இறந்தவரின் வருமான வரிக் கணக்கை வாரிசுப் பிரதிநிதியாகப் பதிந்து தாக்கல் செய்ய வேண்டும். வாரிசாகச் சொத்து வருவதற்கு 1985க்குப் பின் நாட்டில் தனி வரி இல்லை. விற்கும்போது ஆதாய வரி உண்டு, இறந்தவர் வாங்கிய விலைதான் அதற்கு அடிப்படை.

வருவாய்த் துறைக்கு ஒரு கோரிக்கை. வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ‘இறந்த நாளன்று தாயார் உயிருடன் இருந்தாரா, இப்போது இல்லையென்றால் அவர் இறந்த தேதி என்ன, அவருடைய மற்றப் பிள்ளைகள் யார்’ என்ற கேள்வி கட்டாயமாக இருக்கட்டும். இது பங்கைக் குறிப்பதல்ல என்ற வரி சான்றிதழின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சாகட்டும். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் தாயாரைப் பற்றிய அந்தக் கேள்விதான்.

இப்படிக்கு,
உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர்,
சென்னை